எண்மிய வடிவ ஆய்வு வலையமைப்புகளில் தொழில்துறைக் கூட்டாளர்: பங்கேற்பும் பார்வையாளர் நிலையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆறாவது சட்டகத் திட்டத்தின்கீழ் 2004ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகள் இயங்கிய ‘எய்ம் அட் ஷேப்’ என்னும் ஆய்வு வலையமைப்பு, எண்மிய வடிவங்களை வடிவியல் அளவில் மட்டுமன்றிப் பொருள் அளவிலும் கையாள முனைந்தது. இத்தகைய வலையமைப்புகள் தொழில்துறையை எந்த நிலையில் வைத்துப் பார்த்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழில்துறையினர் ஆய்வின் தொடக்கத்தில் வினா எழுப்புவோராக அமையாமல், ஆய்வின் முடிவில் பயன்பெறுவோராக வைக்கப்பட்டனர் என்பதும், அதனால் பகிரத்தக்க வடிவங்களே ஆய்வுக்குரிய வடிவங்களாகிவிட்டன என்பதும் இதன் வாதமாகும். கூட்டாளரின் தரவு வெளிவராதபோதும் அவர்களுடைய வினாவையும் மதிப்பீட்டையும் பெறும் வழிகள் உண்டு என்பதும் எடுத்துக்காட்டுகளுடன் நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: எண்மிய வடிவம், ஆய்வு வலையமைப்பு, தொழில்துறைக் கூட்டாளர், வடிவக் களஞ்சியம், உரிமம், எழுத்துரு.

முன்னுரை

ஒரு பொருளின் வடிவத்தைக் கணினியில் பதிந்து வைக்கும்போது அது எண்களின் தொகுதியாகிறது. புள்ளிகள், அவற்றை இணைக்கும் முக்கோணங்கள், வளைகோடுகள், வளைபரப்புகள் எனப் பல வகையில் அவ்வெண்கள் அடுக்கப்படுகின்றன. இவ்வாறு பதியப்பெற்றது எண்மிய வடிவம் எனப்படும். மகிழுந்தின் உதிரிப்பாகம், நோயாளியின் எலும்பு, அகழாய்வில் கிடைத்த மட்கலம், திரைப்படத்தின் கற்பனை விலங்கு ஆகிய அனைத்தும் இன்று இவ்வடிவிலேயே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் செல்கின்றன.

இத்துறையின் ஆய்வு பல்கலைக்கழகங்களில் மிகுதியாக நடைபெறுகிறது. வடிவங்களோ தொழிற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் மிகுதியாக உள்ளன. எனவே ஆய்வாளரும் தொழில்துறையினரும் இணைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆய்வுத் திட்ட முன்மொழிவுகள் அனைத்தும் அதனை ஏற்றே எழுதப்படுகின்றன. ஆயினும் எந்த நிலையில், எந்தப் பொறுப்புடன், எதனைக் கொடுத்து எதனைப் பெறுவோராக அவர்கள் இணைவர் என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட வலையமைப்பை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையமைப்பின் இயல்பும் நோக்கமும்

‘எய்ம் அட் ஷேப்’ வலையமைப்பை இத்தாலியின் ஜெனோவா நகரிலுள்ள தேசிய ஆய்வு மன்றத்தின் பயன்பாட்டுக் கணிதவியல் நிறுவனம் ஒருங்கிணைத்தது. பிரான்சின் இன்ரியா, செருமனியின் மாக்ஸ் பிளாங்க் தகவலியல் நிறுவனம், நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகம், நார்வேயின் சின்டெஃப், இசுரேலின் டெக்னியான் முதலியவை உறுப்பினர்களாக இருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களும் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனங்களுமே ஆகும்.

வடிவத்தை வெறும் முக்கோணத் தொகுதியாகக் கருதாமல், அதன் உறுப்புகள் யாவை, அது எதற்குப் பயன்படுகிறது, எவ்வாறு உருவாக்கப்பட்டது என்ற அறிவையும் அதனுடன் சேர்த்துப் பதிய வேண்டும் என்பது இவ்வலையமைப்பின் அடிப்படைக் கொள்கை. இதற்காக வடிவக் களஞ்சியம், கருவிக் களஞ்சியம், எண்மிய நூலகம் ஆகியவற்றையும் ‘ஆன்டாலஜி’ எனப்படும் கருத்துறவு வரைவுகளையும் ஒரே மேடையில் அமைத்தனர். மெய்ந்நிகர் மனிதர், பொருள் வடிவமைப்பு, வடிவங்களைப் பெறுதலும் செயற்படுத்தலும் ஆகிய மூன்று களங்களுக்குக் கருத்துறவு வரைவுகள் உருவாக்கப்பட்டன. இவை சிறிய பணிகள் அல்ல. ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த வடிவ ஆய்வுக் குழுக்கள் ஒரே களஞ்சியத்தைப் பயன்படுத்தவும், ஒரே வடிவத்தின்மீது தத்தம் வழிமுறைகளை ஒப்பிடவும் இவ்வலையமைப்பு வாய்ப்பளித்தது. 2006இல் தொடங்கிய ‘ஷ்ரெக்’ என்னும் வடிவத் தேடல் போட்டி இதன் பயனாகப் பிறந்து, வலையமைப்பு முடிந்த பின்னரும் தொடர்ந்தது.

தொழில்துறைக்கு அளிக்கப்பட்ட இடம்

இவ்வலையமைப்பு ‘சிறப்பு வலையமைப்பு’ என்ற நிதியளிப்பு வகையைச் சேர்ந்தது. ஆறாவது சட்டகத் திட்டம் புதிதாகக் கொண்டுவந்த இவ்வகையின் நோக்கம், ஐரோப்பிய ஆய்வின் சிதறலைப் போக்கி நிலையான ஒருங்கிணைப்பை உருவாக்குவதாகும். இதன் பணித்திட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒருங்கிணைப்புப் பணிகள், கூட்டு ஆய்வு, சிறப்பைப் பரப்புதல். தொழில்துறையுடனான உறவு இவற்றுள் பெரும்பாலும் மூன்றாவதன்கீழ் வருவது. பயிற்சிப் பட்டறை, செய்முறை விளக்கம், தகவல் மடல் ஆகியவற்றோடு ஒன்றாகத் தொழில்துறையும் அப்பகுதியில் இடம்பெற்றது. ஆய்வு நிகழ்ந்து முடிந்த பின் அதன் பயனைப் பெறுபவர் என்ற நிலை இவ்வமைப்பிலேயே பொதிந்துள்ளது.

நிதி கணக்கிடப்பட்ட முறையும் இதனை உறுதிப்படுத்துகிறது. இவ்வகை வலையமைப்புகளுக்கான மானியத்தின் உச்ச வரம்பு, ஒருங்கிணைக்கப்படும் ஆய்வாளரின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 50 ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 10 இலட்சம் யூரோ, 100 ஆய்வாளருக்கு 20 இலட்சம் யூரோ என்பது அதன் அளவு. ஒரு தொழிற்கூடத்தின் வடிவமைப்புப் பொறியாளர் தம் வேலை நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தம் அன்றாடச் சிக்கலை ஆய்வாளருக்கு விளக்கினால், அந்நேரத்திற்கு இக்கணக்கில் இயல்பான இடமில்லை. எண்ணப்படுவது எதுவோ அதுவே பெருகும். இங்கு எண்ணப்பட்டவர் ஆய்வாளர்.

இக்குறையை வலையமைப்பினர் உணராமலில்லை. 2008 முதல் 2010 வரை நடைபெற்ற ‘ஃபோகஸ் கே-3-டி’ என்னும் தொடர் முயற்சி இதற்குச் சான்று. மருத்துவமும் உயிர்த்தகவலியலும், விளையாட்டும் பாவனையாக்கமும், கணினிவழிப் பொருள் வடிவமைப்பு, தொல்லியலும் பண்பாட்டு மரபும் ஆகிய நான்கு துறைகளின் பயனாளரை இது அணுகி, அவர்களுடைய தேவைகளைத் திரட்டியது. இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் அதன் காலவரிசை நோக்கத்தக்கது. கருத்துறவு வரைவுகளும் களஞ்சியங்களும் உருவாகிவிட்டன. பயனாளரின் தேவை அதன் பின்னரே முறையாகக் கேட்கப்பட்டது. வீட்டைக் கட்டி முடித்த பின் குடியிருப்போரிடம் எத்தனை அறை வேண்டும் என்று வினவுவதை இது ஒத்தது.

முயலும் தேநீர்க்குடமும்: பகிரத்தக்கதே ஆய்வுப்பொருளாதல்

தொழில்துறை வினா எழுப்புவோராக இல்லாதபோது ஆய்வுக்கு நேரும் விளைவு என்ன என்பதை, இத்துறை பயன்படுத்தும் மாதிரி வடிவங்களே காட்டுகின்றன. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய தேநீர்க்குடம், 1994இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வருடிப் பெறப்பட்ட 69,451 முக்கோணங்களைக் கொண்ட களிமண் முயல் ஆகியவை உலகெங்கும் வடிவ ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. இவை தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு முதன்மைக் காரணம், எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே.

‘ஷ்ரெக்’ போட்டியும் இவ்வழியில் நின்றது. 2006இல் அது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 1,814 வடிவங்கள் கொண்ட தொகுப்பைப் பயன்படுத்தியது. 2007இல் மூடிய பரப்புடைய வடிவங்களுக்கான பிரிவில் 20 வகைகளில் வகைக்கு 20 ஆக 400 வடிவங்கள் இருந்தன. மனித உருவம், எறும்பு, எண்காலி, கரடிப் பொம்மை, நாற்காலி, கோப்பை எனச் செல்லும் அவ்வகைகளுள் பொறியியல் சார்ந்தவை மிகச் சில. பொறியியல் உதிரிப்பாகங்களுக்கு அவ்வாண்டு தனிப்பிரிவு அமைக்கப்பட்டது உண்மையே. அதற்குரிய வடிவங்கள் பர்டியூ பல்கலைக்கழகத் தொகுப்பிலிருந்து பெறப்பட்டன. அங்கும் தரவை அளித்தது பல்கலைக்கழகமே.

எறும்பையும் நாற்காலியையும் வேறுபடுத்தும் வழிமுறை அறிவியல் மதிப்பற்றது என்று கூறுவதற்கில்லை. ஆனால் தொழிற்கூடத்தின் வினா வேறு. அங்குப் பல்லாயிரம் உதிரிப்பாகங்கள் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும். ஒரு துளையின் விட்டமோ ஒரு விளிம்பின் வளைவோ மட்டுமே மாறுபடும். முன்பே வடிவமைத்த பாகத்தைக் கண்டறிய இயலாமல் அதனை மீண்டும் வரைவது அங்குள்ள இடர். மேலும், ஒரு பாகத்தை வலிமைச் சோதனைக்கான கணக்கீட்டிற்கு அனுப்புமுன், சிறு துளைகளையும் மழுங்கிய விளிம்புகளையும் பொறியாளர் நீக்குவர். எதனை நீக்கலாம், எதனை நீக்கினால் முடிவு பிழையாகும் என்ற அறிவு அவர்களுடைய அனுபவத்தில் உள்ளது. வலையமைப்பு தேடிய ‘வடிவத்தின் பொருள்’ இதுவேயாகும். முயலின் உருவத்தில் இவ்வறிவு இருக்க இயலாது; ஏனெனில் முயலை எவரும் பயனுக்காக வடிவமைக்கவில்லை.

தொழில்துறைக்குள்ளும் இவ்வறிவு கைமாறும்போது இழக்கப்படுகிறது. 1994இல் முதற்பகுதிகள் வெளியான ‘ஐ.எஸ்.ஓ. 10303’ என்னும் பரிமாற்றத் தரநிலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கொண்டுசெல்லும். நடைமுறையில் பெரும்பாலும் சென்று சேர்வது முடிந்த வடிவம் மட்டுமே. அது எந்த வரிசையில், எந்தக் கருத்துடன் கட்டப்பட்டது என்பது செல்வதில்லை. இது தொழில்துறை நாள்தோறும் பணம் செலவிட்டு ஈடுகட்டும் குறை. பொருளறிவை ஆராயும் வலையமைப்பிற்கும் தொழில்துறைக்கும் இடையே இதைவிட இயல்பான சந்திப்பிடம் இல்லை எனலாம்.

தொழிற்கூடத்தில் பிறந்த வடிவியல்

தொழில்துறை வினா எழுப்பும் தகுதி பெற்றதா என்ற ஐயத்திற்கு இத்துறையின் வரலாறே விடையளிக்கிறது. எண்மிய வளைகோட்டின் கணிதம் பிரெஞ்சு மகிழுந்து நிறுவனங்களில் உருவானது. சித்ரோயன் நிறுவனத்தில் 1958இல் சேர்ந்த பால் டி காஸ்டெல்ஜோ, மகிழுந்தின் உடற்பரப்பை எண்களால் வரையறுக்கும் முறையைக் கண்டு 1959இல் நிறுவன அறிக்கையாக எழுதினார். நிறுவனம் அதனை இரகசியமாகவே வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தில் பணியாற்றிய பியேர் பெசியே, அதே வளைகோட்டிற்கு வேறு வழியில் வந்து 1960களில் அதனை வெளியிட்டார். எனவே அக்கோடு பெசியேயின் பெயரைப் பெற்றது. டி காஸ்டெல்ஜோவின் அறிக்கைகள் 1970களில் ஆய்வுலகின் பார்வைக்கு வந்த பின்னரே வழிமுறைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இரகசியத்தால் சித்ரோயன் ஆய்வுலகில் இழந்த இடத்தை, வெளியிட்டதால் ரெனோ பெற்றது.

மற்றொரு சான்று மருத்துவப் படிமத்துறையிலிருந்து கிடைக்கிறது. உடல் வருடல்களின் அடுக்குகளிலிருந்து முப்பரிமாணப் பரப்பை உருவாக்கும் ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ வழிமுறையை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் ஆகியோர் 1987இல் வெளியிட்டனர். அது கட்டுரையாகவும் வந்தது, காப்புரிமையும் பெற்றது. காப்புரிமை 2005இல் காலாவதியாகும்வரை, அதனைத் தவிர்ப்பதற்காகவே சிலர் மாற்று வழிமுறைகளை நாடினர். ஒரே நிறுவனம் ஆய்வுலகிற்கு அடிப்படையான ஒன்றை அளிக்கவும் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவும் இயலும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே தொழில்துறையைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதைவிட, எந்த விதிகளின்கீழ் சேர்ப்பது என்பதே ஆராயத்தக்க வினாவாகிறது.

இணைப்பின் மூன்று வழிகள்

முதல் வழி, ஆய்வின் விளைவை உரிமத்தின் வழியாக இணைப்பது. கணக்கீட்டு வடிவியலுக்கான ‘சிகால்’ மென்பொருள் நூலகம் 1996இல் ஐரோப்பிய நிதியுதவியுடன் பல ஆய்வு நிறுவனங்களின் கூட்டுப்பணியாகத் தொடங்கியது. ‘எய்ம் அட் ஷேப்’ உறுப்பினராக இருந்த இன்ரியா, மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், உத்ரெக்ட் பல்கலைக்கழகம் ஆகியவை அதிலும் பங்குகொண்டன. இந்நூலகம் திறமூல உரிமத்தில் கிடைக்கிறது. தம் நிரலை வெளியிட விரும்பாத நிறுவனங்கள் 2003இல் நிறுவப்பட்ட ‘ஜியோமெட்ரி ஃபேக்டரி’ என்னும் நிறுவனத்திடம் வணிக உரிமம் வாங்குகின்றன. வாங்குவோர் குறைகளைச் சுட்டுவர்; அக்குறைகள் நூலகத்திற்குள் திருத்தங்களாகத் திரும்பும். தொழில்துறை இங்குப் பார்வையாளராக இல்லாமல் பணம் கொடுத்துப் பிழை காண்பவராகிறது.

இரண்டாம் வழி, வடிவத்தை ஒப்படைக்காமலே அணுக விடுவது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெவாய் தலைமையிலான குழு 1998–99இல் இத்தாலியில் மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களை வருடிப் பதிந்தது. அதற்கான வருடியைச் சைபர்வேர் நிறுவனம் செய்தளித்தது. தாவீது சிலையின் பதிவு ஏறத்தாழ 200 கோடிப் பல்கோணங்களைக் கொண்டது. இத்தாலிய அதிகாரிகளுடன் செய்த உடன்படிக்கையால் அத்தரவைத் தடையின்றி எல்லோருக்கும் வழங்க இயலவில்லை. எனவே 2004இல் அக்குழு ஒரு முறையை வெளியிட்டது: பயனாளரின் கணினியில் குறைந்த நுணுக்கமுடைய வடிவம் மட்டும் இருக்கும், நுணுக்கமான தோற்றம் வழங்கியிலிருந்து படமாக மட்டும் வரும். வடிவம் வெளியேறாது, பார்வை வெளியேறும். வணிக இரகசியம் என்பதற்காகத் தரவை மறுக்கும் நிறுவனத்திற்கும் இம்முறை பொருந்தும். ஆய்வாளர் தம் நிரலை அனுப்ப, நிறுவனம் தன் வடிவங்களின்மீது அதனை இயக்கி மதிப்பெண்ணை மட்டும் திருப்பியனுப்பலாம்.

மூன்றாம் வழி, வணிகச் சேவையின் பொதுப் பகுதியிலிருந்து பெறுவது. ‘ஆன்ஷேப்’ என்னும் இணையவழி வடிவமைப்புச் சேவையில் பயனாளர் பொதுவில் வைத்த ஆவணங்களிலிருந்து பத்து இலட்சம் வடிவங்களைத் திரட்டி, 2019இல் ‘ஏ.பி.சி.’ என்னும் தொகுப்பு வெளியிடப்பட்டது. முக்கோணங்களுக்கு அடியிலுள்ள வளைபரப்புகளும் விளிம்புகளும் இதில் கிடைக்கின்றன. அளவால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் இதில் பயிற்சிக்காக வரைந்த எளிய வடிவங்களும் உற்பத்திக்குரிய வடிவங்களும் கலந்துள்ளன. ஒரு பாகம் ஏன் அவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்ற விளக்கம் இல்லை. தரவு கிடைத்தும் கூட்டாளர் கிடைக்கவில்லை என்று இதனை மதிப்பிடலாம்.

மறுப்பும் விடையும்

தொழில்துறைக்கு வினா எழுப்பும் உரிமை அளித்தால் ஆய்வின் தன்னாட்சி குன்றும் என்ற மறுப்பு உண்டு. நிறுவனத்தின் நோக்கம் அடுத்த ஆண்டின் விற்பனை. ஆய்வின் நோக்கம் நீண்டகால அறிவு. வெளியீட்டைத் தாமதப்படுத்தும் ஒப்பந்தங்களால் முதலில் இன்னலுறுவோர் குறித்த காலத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய முனைவர் பட்ட ஆய்வாளரே. இம்மறுப்பு வலுவானது, மார்ச்சிங் கியூப்ஸ் வரலாறு இதற்குத் துணைநிற்கிறது.

எனினும் தொழில்துறையை விலக்கி வைப்பதால் தன்னாட்சி கிடைத்துவிடுவதில்லை. அப்போது ஆய்வின் திசையை எளிதில் பதிவிறக்கக் கிடைக்கும் தொகுப்பு முடிவு செய்கிறது. அத்தொகுப்பின் சார்பு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. எனவே எவரும் அதனை எதிர்ப்பதுமில்லை. வெளிப்படையாக எழுதப்பட்ட விதி, எழுதப்படாத சார்பைவிட ஆய்வுக்குப் பாதுகாப்பானது.

இதனடிப்படையில் நான்கு விதிகளை முன்மொழியலாம். ஒன்று, தரவு, வினா, மதிப்பீடு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பங்களிப்பாகக் கொண்டு, தரவைத் தர இயலாத நிறுவனத்திடமிருந்து மற்ற இரண்டையும் கேட்டுப் பெறுதல். இரண்டு, வெளியீட்டுத் தாமதத்தின் உச்ச வரம்பையும் காப்புரிமைப் பங்கையும் ஆய்வு தொடங்குமுன் எழுதி வைத்தல். ஆய்வேட்டுக்குரிய பகுதிகளைத் தாமதத்திலிருந்து விலக்குதல். மூன்று, பொறியாளர் ஒதுக்கும் நேரத்தையும் ஆய்வு நேரமாக மானியத்தில் கணக்கிடுதல். நான்கு, திட்டம் முடிந்தபின் களஞ்சியத்தைக் காப்பவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல். ‘எய்ம் அட் ஷேப்’ களஞ்சியம் பின்னர் ‘விஷனேர்’ என்னும் மற்றோர் ஐரோப்பியத் திட்டத்தின் வழியாகத் தொடர்ந்தது. ஒரு மானியத்திலிருந்து அடுத்த மானியத்திற்குத் தாவியே பொதுச்சொத்து உயிர்வாழ வேண்டியிருப்பது, பயன்பெறும் தொழில்துறைக்கு அதனைக் காக்கும் கடமை வகுக்கப்படாமையின் விளைவு எனக் கருதலாம்.

தமிழாய்வுக்கு உரிய தொடர்பு

இவ்வினா தமிழாய்வாளருக்கு அயலானதன்று. திரையில் நாம் காணும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் எண்மிய வடிவமே. ‘ழ’கரத்தின் வளைவும் ‘ஐ’காரத்தின் சுழியும் எழுத்துருக் கோப்புகளில் பெசியே வளைகோடுகளாகவே பதியப்பட்டுள்ளன. மகிழுந்து நிறுவனங்களில் பிறந்த கணிதத்தின் மீதே நம் எண்மியப் பதிப்புகள் நிற்கின்றன.

1990களில் எழுத்துரு நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்குக் குறியெண் அளித்தன. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை இன்னொன்றில் படிக்க இயலாத குறிகளாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு அறிஞரையும் மென்பொருள் உருவாக்குநரையும் அரசையும் ஓரிடத்தில் கூட்டியது; விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் தரம் காணும் முயற்சி அங்கு வலுப்பெற்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் ‘டேஸ்-16’ குறியேற்றத்தையும் ஏற்றது. அம்முயற்சியில் உருவாக்குநர்கள் முடிந்த தரத்தைப் பெற்றுச்செல்ல வந்தவர்கள் அல்லர். தரத்தை வகுக்கும் உரையாடலில் பங்குகொண்டவர்கள். கல்வெட்டு, ஓலைச்சுவடி, செப்புத்திருமேனி ஆகியவற்றை முப்பரிமாணத்தில் பதியும் திட்டங்களை வகுப்போர், வருடி நிறுவனங்களுடனும் மென்பொருள் நிறுவனங்களுடனும் உடன்படும்போது கோப்பின் வடிவம், உரிமம், நெடுங்காலக் காப்பு ஆகியவற்றை முதற்கூட்டத்திலேயே பேச வேண்டும் என்பதற்கு இவ்வனுபவமே போதிய காரணம்.

முடிவுரை

‘எய்ம் அட் ஷேப்’ வலையமைப்பு வடிவத்தின் பொருளை ஆய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தது. களஞ்சியங்களையும் ஒப்பீட்டு மரபையும் நிலைநிறுத்தியது. ஆயினும் வடிவத்திற்குப் பொருள் கொடுப்போர் அதனை வடிவமைத்தும் பயன்படுத்தியும் வருவோரே என்ற தன் கொள்கையின் விளைவை, வலையமைப்பின் அமைப்பிற்குள் அது முழுமையாகக் கொண்டுவரவில்லை. நிதி வகையின் கட்டமைப்பும் கணக்கீட்டு முறையும் இதற்குப் பெருங்காரணங்கள். ஒருங்கிணைப்பாளரின் ஆர்வக்குறைவு அன்று. தொழில்துறையைப் பட்டறைக்கு அழைப்பது எளிது. வினாவை வகுக்கும் இடத்தில் அமர்த்துவது கடினம். எதிர்கால வலையமைப்புகளை மதிப்பிடும் திறனாய்வாளர், கூட்டாளர் பட்டியலின் நீளத்தைக் காட்டிலும், அக்கூட்டாளரின் வினாவால் ஆய்வுத்திட்டத்தில் எந்தப் பகுதி மாறியது என்பதையே கேட்க வேண்டும். விடை ஒன்றும் இல்லையெனில், அங்கு இருந்தது பங்கேற்பன்று என முடிவுசெய்யலாம்.